பன்றிக்குட்டிக் கழிச்சல்: குடலில் நச்சு சுரக்கும் பாக்டீரியா என்ன செய்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும்

பிறந்து இரண்டு நாளான குட்டி. நேற்று மாலை வரை மடியை முட்டி முட்டிக் குடித்தது. இன்று காலை போய்ப் பார்த்தால் மூலையில் தனியாக நிற்கிறது, வால் நனைந்து தொங்குகிறது, பின்புறத் தோல் சிவந்து மஞ்சள் நீர் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கையில் தூக்கினால் விலா எலும்பு விரலில் படுகிறது, கண் குழிக்குள் போயிருக்கிறது. ஒரே இரவில் ஒரு குட்டி இப்படி வற்றிப்போக முடியுமா என்று முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது.

இந்த நிலையில் பலரும் முதலில் தேடுவது ஆன்டிபயாடிக் பாட்டிலை. நான் அதை இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். ஏன் என்று புரிய வேண்டுமென்றால் குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அது புரிந்துவிட்டால் மருந்து, தடுப்பூசி, கொட்டில் சுத்தம் எல்லாமே ஒரு வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஈ. கோலை எல்லாம் கெட்டதில்லை

ஈ. கோலை என்ற பாக்டீரியா எல்லாக் குட்டியின் குடலிலும் இருக்கும், பிறந்த சில மணி நேரத்திலேயே குடியேறிவிடும். அதில் பெரும்பாலானவை யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்ந்துவிட்டுப் போகின்றன. கழிச்சலை உண்டாக்கும் வகைக்கு இரண்டு கருவிகள் வேண்டும்: ஒன்று, குடல் சுவரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. இன்னொன்று, நச்சு.

கொக்கி என்பது பாக்டீரியாவின் உடம்பைச் சுற்றி மயிரிழை போல நீட்டிக்கொண்டிருக்கும் புரத இழைகள். இவற்றில் எஃப்4 (பழைய பெயர் கே88), எஃப்5 (கே99), எஃப்6, எஃப்18, எஃப்41 என்று ஐந்து வகைகள் பன்றியில் முக்கியம். ஆய்வக அறிக்கையில் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று வரும், அதனால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சிறுகுடலில் எப்போதும் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கிறது, பிடித்துக்கொள்ள முடியாத பாக்டீரியாவை அது அடித்துக்கொண்டு போய்விடும். கொக்கி உள்ளது மட்டும் அங்கேயே தங்கி, சுவர் முழுக்கப் படர்ந்து, கோடிக்கணக்கில் பெருகும்.

இந்த இரண்டு கருவிகளும் எவ்வளவு முக்கியம் என்பதை 1971இல் வில்லியம்ஸ் ஸ்மித், லிங்குட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். இந்தக் கருவிகளுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனித் துண்டில் இருக்கின்றன, அதாவது கழற்றவும் மாட்டவும் முடியும். கே88 கொக்கிக்கான துண்டைக் கழற்றிவிட்டால் அதே பாக்டீரியா குட்டிக்கு நோய் தரவில்லை. திரும்ப மாட்டினால் நோய் திரும்பியது. நச்சுக்கான துண்டை மட்டும் கழற்றினால் பாக்டீரியா குடலில் பெருகியது, ஆனால் நோயின் வீரியம் போய்விட்டது. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். அதனால் சாணத்தில் ஈ. கோலை இருக்கிறது என்று மட்டும் ஓர் அறிக்கை வந்தால் அதில் தகவலே இல்லை என்றுதான் அர்த்தம். எந்தக் கொக்கி, எந்த நச்சு என்று கேளுங்கள்.

நச்சு: குழாயைத் திறந்துவிட்டு கைப்பிடியை உடைப்பது

குடல் உணவை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, உள்ளே நீரைச் சுரக்கவும் செய்கிறது. சுரப்பதும் உறிஞ்சுவதும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டிருக்கும் வரை சாணம் கெட்டியாக இருக்கும். பாக்டீரியாவின் நச்சு இந்தச் சமனைத்தான் குலைக்கிறது.

வெப்பத்தில் அழியும் நச்சு ஒன்று இருக்கிறது, சுருக்கமாக எல்.டி. என்பார்கள். இது குடல் செல்லுக்குள் நுழைந்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞைப் பொருளைத் தயாரிக்கும் சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அந்தப் பொருள் ஏற ஏற, செல் குளோரைடையும் பைகார்பனேட்டையும் குடலுக்குள் கொட்டுகிறது, சோடியத்தை உறிஞ்சுவது குறைகிறது, உப்பு போன இடத்துக்கு நீர் பின்னாலேயே போகிறது. காலராவில் மனிதக் குடலுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான், இரண்டு நச்சுகளும் ஒரே குடும்பம்.

வெப்பத்தைத் தாங்கும் நச்சுகள் இன்னொரு வகை: எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. கொதிக்கும் சூட்டிலும் கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இதில் எஸ்.டி.ஏ. ஒரு கள்ளச்சாவி. குடல் தன் நீர்ச் சுரப்பைக் கட்டுப்படுத்த குவானிலின் என்ற ஹார்மோனை வைத்திருக்கிறது, இந்த நச்சு அதே பூட்டில் போய்ப் பொருந்திக்கொண்டு சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற இன்னொரு சமிக்ஞைப் பொருளை உயர்த்துகிறது. எஸ்.டி.பி. வேறு வழியாக, செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி, அதே வெள்ளத்தை உண்டாக்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. எல்.டி. பூட்டிய சுவிட்ச் தானாகத் திறக்காது, பாதிக்கப்பட்ட செல் உதிர்ந்து புதிய செல் வரும் வரை சுரந்துகொண்டேதான் இருக்கும். ஆக, இப்போதே எல்லாப் பாக்டீரியாவையும் கொன்றுவிட்டாலும் கழிச்சல் உடனே நிற்காது. ஊசி போட்டு ஒரு வேளை ஆகியும் நிற்கவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது, குடல் சுவர் பெரிதாகச் சிதைவதில்லை. உறிஞ்சும் திறன் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. குட்டியைக் காப்பாற்றும் வழி அங்கேதான் இருக்கிறது, அதைப் படி 3இல் பார்ப்போம்.

படி 1: குட்டியின் வயதைப் பாருங்கள்

கழிச்சல் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் குட்டி?" பாதி விடை அதிலேயே இருக்கிறது. கொக்கி மாட்ட வேண்டுமென்றால் குடல் சுவரில் அதற்கேற்ற ஏற்பி, அதாவது கொக்கி பொருந்தும் இடம், வேண்டும், அந்த ஏற்பிகள் வயதுக்கு வயது மாறுகின்றன.

பிறந்த முதல் நான்கைந்து நாளில் நீர் போன்ற கழிச்சல் என்றால் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும். எஃப்5க்கான ஏற்பி வயது ஏறும்போது குறைந்துகொண்டே போகும். எஃப்18க்கான ஏற்பி பிறந்த குட்டியில் இருக்காது, சுமார் மூன்று வார வயதில்தான் தலைகாட்டும். எஃப்4 மட்டும் பிறந்ததிலிருந்து தாயிடமிருந்து பிரித்த பிறகும் தொல்லை தரும். பிரித்த இரண்டு வாரத்துக்குள் வரும் கழிச்சலில் எஃப்4ம் எஃப்18ம்தான் முதல் சந்தேகம்.

ஏழு முதல் பதினான்கு நாள் வயதில், பசை போல மஞ்சளாக, ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கழிச்சல் வந்தால் பாக்டீரியாவை விட்டுவிட்டு காக்சிடியாவைத் தேடுங்கள். அது ஒட்டுண்ணி. டோல்ட்ராசுரில் என்ற மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் வயதில் ஒரே வேளை வாயில் கொடுப்பது அதற்கான வழக்கமான தடுப்பு.

பிறந்த முதல் மூன்று நாளில் இரத்தக் கழிச்சலோடு குட்டிகள் வரிசையாக விழுந்தால் அது கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் சி வகையாக இருக்கலாம். இதுவும் நச்சு சுரக்கும் குடல் பாக்டீரியாதான், ஆனால் வேலை செய்யும் விதமே வேறு. இதன் பீட்டா நச்சு நீர்க்குழாயைத் திறப்பதோடு நிற்காமல் சுவரையே இடிக்கிறது, குடல் அழுகிக் கருஞ்சிவப்பாகிவிடும். இதில் ஒரு வேடிக்கையான கொடுமை உண்டு. பீட்டா நச்சை டிரிப்சின் என்ற செரிமான நொதி சிதைத்துவிடும். ஆனால் சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள் செரித்துப்போகாமல் இருக்க, சீம்பாலே டிரிப்சினைத் தடுக்கும் பொருளையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. குட்டியைக் காக்க வந்த காவல், நச்சுக்கும் காவலாகிவிடுகிறது. இரத்தம் வந்த பிறகு சிகிச்சைக்குப் பெரும்பாலும் பலன் கிடைப்பதில்லை, தாய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி.

இன்னொரு எச்சரிக்கை. குட்டிகள் மட்டுமில்லாமல் தாய், கிடா, வளரும் பன்றிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வாந்தியும் கழிச்சலுமாகப் படுத்தால், அல்லது அதிகக் காய்ச்சலோடு பெரிய பன்றிகள் சாக ஆரம்பித்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது வைரஸ் நோயாக இருக்கலாம், பண்ணையையே அடைக்க வேண்டிவரும்.

படி 2: பார்த்து, தொட்டு, தாள் வைத்துச் சோதியுங்கள்

அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பி.எச். தாளை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாகக் கிழித்து, குட்டியின் ஆசனவாயில் வரும் புதுச் சாணத்தில் தொட்டுப் பாருங்கள். காரப் பக்கமாக நிறம் மாறினால், பைகார்பனேட் கொட்டுகிறது என்று அர்த்தம், ஈ. கோலை நச்சின் மேல் சந்தேகம் கூடுகிறது. அமிலப் பக்கமாகப் போனால், பால் செரிக்காமல் புளித்து வெளியே வருகிறது, குடல் சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் சேதமாகியிருக்கின்றன, ரோட்டாவைரஸ் போன்றவை பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். இது முடிவான சோதனை இல்லை. ஆனால் ஆய்வக அறிக்கை வரும் வரை கையில் இருக்கும் நல்ல துப்பு. தரையில் சிறுநீரோடு கலந்த சாணத்தைத் தொடாதீர்கள், அளவு தப்பிவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: சாணம் தண்ணீர் போல இருந்தால் ஈரத் தரையில் தெரியவே தெரியாது. தரை ஈரமா என்று பார்ப்பதைவிட குட்டியின் வாலைத் தொட்டுப் பாருங்கள். சில நேரம் கழிச்சல் வெளியே வருவதற்கு முன்பே, நீரெல்லாம் குடலுக்குள் சேர்ந்து, குட்டி செத்துப்போவதும் உண்டு.

செத்த குட்டியை மருத்துவர் அறுக்கும்போது பக்கத்தில் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் நில்லுங்கள். ஈ. கோலை கழிச்சலில் இரைப்பை நிறையத் தயிர்க்கட்டி போலப் பால் இருக்கும். சிறுகுடல் தொய்ந்து நீர் நிரம்பிக் கிடக்கும், சுவர் பார்வைக்குப் பெரிய சேதமில்லாமல் இருக்கும். குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல் போல மெல்லிய கோடுகள் தெரியும். அவை பாலின் கொழுப்பை எடுத்துப்போகும் நிணநீர்க் குழாய்கள். அந்த வெள்ளைக் கோடு இருந்தால் உறிஞ்சும் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். குடலுறிஞ்சிகளை வைரஸ் மழித்துவிட்ட குடலில் இந்தக் கோடுகள் காணாமல் போயிருக்கும்.

மாதிரி அனுப்புவதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, நான்கு நாள் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு கடைசியில் பிழைத்த குட்டியிலிருந்து எடுப்பது. கழிச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் இருக்கும், ஒரு சொட்டு ஆன்டிபயாடிக் கூடப் படாத, மூன்று நான்கு குட்டிகளிடமிருந்து எடுங்கள். ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்து, மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். முறையில் கொக்கி, நச்சு மரபணுக்களைப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற சோதனையும்.

படி 3: முதலில் நீர், அப்புறம் சூடு, அப்புறம்தான் மருந்து

குட்டி சாவது பெரும்பாலும் பாக்டீரியாவால் நேரடியாக இல்லை, நீரும் உப்பும் போய், இரத்தம் அமிலமாகி, சாகிறது. குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாகப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு கதவு குடல் செல்லில் இருக்கிறது. நச்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் பெரிதாக உள்ளே போகாது, வெறும் உப்புநீரும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கதவு திறக்கும், நீர் கூடவே போகும். குழந்தைகளுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது: 1 லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். கால்நடைகளுக்கான எலக்ட்ரோலைட் பொடி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பொட்டலத்தில் போட்ட அளவுப்படியே கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்க வேண்டாம், பன்றிக்கு உப்பு நஞ்சாவது சுலபம், மூளையைத் தாக்கும். கரைசலோடு சுத்தமான வெறும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஆழமில்லாத தட்டில், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை புதிதாக வையுங்கள். குடிக்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஊசி கழற்றிய சிரிஞ்சில், கன்னத்து ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்க விழுங்கக் கொடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து வேகமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கவே முடியாத குட்டிக்கு வயிற்றுக்குள் வெதுவெதுப்பான திரவம் ஏற்றுவது மருத்துவரின் வேலை, நீங்களாக முயல வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உறிஞ்சும் திறன் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்று மேலே பார்த்தோம், பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருளும் கொக்கிகளை மறைத்துக்கொண்டிருக்கிறது.

சூடு விஷயத்துக்கு வருவோம். பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு அதற்கு இல்லை. முதல் சில நாளில் அது படுக்கும் இடம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், தாய்க்கோ 20 டிகிரி ஒட்டி இருந்தால்தான் சுகம். ஒரே கொட்டிலில் இரண்டு தட்பவெப்பம் வேண்டியிருக்கிறது. மூடிய மூலை, விளக்கு, காய்ந்த படுக்கை ஆகியவை அதற்காகத்தான். தெர்மாமீட்டரைவிட குட்டிகளே நன்றாகச் சொல்லும்: ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர், பக்கவாட்டில் கால் நீட்டித் தனித்தனியாகக் கிடந்தால் சரி. குளிர்ந்த குட்டியின் குடல் ஓட்டம் மந்தமாகும், பாக்டீரியாவுக்குத் தங்க நேரம் கிடைக்கும், குட்டி மடிக்குப் போவதும் குறையும்.

ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகமாகப் பரவும்போது மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்துப் பண்ணையில் வேலை செய்தது என்று எடுத்துப் போடாதீர்கள். இந்தப் பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டில் நச்சு மரபணுவோடு மருந்தை எதிர்க்கும் மரபணுவும் சேர்ந்தே பயணம் செய்வதுண்டு. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு காலத்தில் பன்றிக் கழிச்சலுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்பட்டது. அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு பிளாஸ்மிட்டில் தாவுவதை 2015இல் சீனாவில் பன்றிகளிலும் மனிதர்களிலும் கண்டறிந்த பிறகுதான் உலகம் விழித்தது, ஏனென்றால் மனிதர்களுக்குக் கொலிஸ்டின் கடைசிக் கட்ட மருந்து.

படி 4: அடுத்த ஈற்றுக்குள் சீம்பாலைச் சரிசெய்யுங்கள்

தாய்ப்பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போகாது. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் கிடைப்பதுதான் எல்லாம், அதுவும் பிறந்து ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாளுக்குள் குடல் அந்தப் பெரிய புரதங்களை உள்ளே விடும் வாசலை மூடிவிடும். தாய்ப்பக்கமோ மணிக்கு மணி சீம்பாலின் செறிவு இறங்குகிறது. அதனால் முதல் 6 மணி நேரம்தான் பொன்னான நேரம். ஒரு குட்டிக்குச் சுமார் 200 முதல் 250 கிராம் சீம்பால் போக வேண்டும். குட்டிகள் அதிகமான ஈற்றில், வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் சூடான பெட்டியில் அடைத்துவிட்டு, சின்னதுகளை மடியில் விடுங்கள். அவ்வளவுதான் செலவு.

சீம்பால் நிறைய இருந்தாலும் அதில் சரியான எதிர்ப்புப் பொருள் இருக்க வேண்டுமே. தாய் சந்தித்திராத கொக்கிக்கு எதிராக அவள் பாலில் எதுவும் இருக்காது. முதல் ஈற்றுத் தாய்களின் குட்டிகளில் கழிச்சல் அதிகம் தெரிவது இதனால்தான். ஈனுவதற்குச் சுமார் 5–6 வாரம் முன்பு ஒன்று, 2–3 வாரம் முன்பு இன்னொன்று என்று முதல் முறை இரண்டு தடுப்பூசி, பிறகு ஒவ்வொரு ஈற்றுக்கும் முன்பு ஒன்று என்பது பொதுவான கணக்கு. சரியான நாளைத் தடுப்பூசியின் தாளில் பாருங்கள். எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 எல்லாம் அதில் இருக்கிறதா என்றும் உங்கள் ஆய்வக முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பரம்பரையும் இதில் விளையாடுகிறது. எஃப்4க்கான ஏற்பி சில பன்றிகளுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. ஒரே ஈற்றில் ஆறு குட்டி நனைந்து கிடக்க, நான்கு குட்டி துள்ளி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இது ஒரு காரணம். மோசமான சேர்க்கை எது தெரியுமா? ஏற்பி இல்லாத தாயும் ஏற்பி உள்ள கிடாவும். தாயின் குடலில் பாக்டீரியா தங்காததால் அவளிடம் எதிர்ப்புப் பொருளும் இல்லை, குட்டிகளுக்கோ அப்பனிடமிருந்து ஏற்பி வந்திருக்கிறது. எஃப்18க்கு எஃப்.யு.டி.1 என்ற மரபணுவைப் பார்த்து எதிர்ப்புள்ள கிடாக்களைத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது.

படி 5: கொட்டில், அப்புறம் பால் மறக்கும் வாரம்

கொட்டில் சுத்தத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சாணம் ஒட்டியிருக்கும் தரையில் தொற்றுநீக்கி தெளிப்பது வீண். சுரண்டி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அப்புறம் தெளித்து, மறுபடி முழுக்கக் காயவிட்டுத்தான் அடுத்த தாயை ஏற்ற வேண்டும். தாயையும் உள்ளே விடும் முன்பு மடியோடு சேர்த்துக் கழுவுங்கள். நோய் வந்த கொட்டிலை நாளின் கடைசியில் கவனியுங்கள், காலணியும் துடைப்பமும் அங்கேயே இருக்கட்டும்.

பால் மறக்கடிக்கும் வாரம் தனிக் கதை. பாலோடு வந்துகொண்டிருந்த காவல் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. குட்டி ஓரிரு நாள் தீவனத்தைத் தொடாமல் இருந்து, பிறகு பசியில் அள்ளித் தின்கிறது. வயிற்றில் அமிலம் போதாது, செரிக்காத புரதம் கீழே இறங்கி பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. எஃப்18 ஏற்பியும் அந்த நேரத்தில்தான் தயாராக இருக்கிறது. இந்த வயதில் நேற்று கொழுகொழுவென்று இருந்த குட்டியே காதும் வயிறும் நீலம் பாரித்துச் செத்துக் கிடக்கும். 21 நாளில் பிரிப்பதைவிட 28 நாளில் பிரித்தால் குடலுக்குத் தயாராக அவகாசம் கிடைக்கும். பிரிப்பதற்கு முன்பே குட்டித் தீவனத்தைப் பழக்குங்கள். பிரித்த முதல் இரண்டு வாரம் புரதம் குறைவான, எளிதில் செரிக்கும் தீவனத்தை ஒரு நாளைக்குப் பல முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளைத் தேவையில்லாமல் கலக்காதீர்கள்.

துத்தநாக ஆக்சைடு பலரும் கேட்பது. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் என்ற மருந்தளவில் அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது சாணத்தோடு மண்ணில் சேர்கிறது, மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாவையும் வளர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அந்த அளவுப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக, எஃப்4, எஃப்18க்கு எதிராக நோய் தராத உயிருள்ள பாக்டீரியாவை 18 நாள் வயதிலிருந்து வாய்வழியாகக் கொடுக்கும் தடுப்பூசி கிடைக்கிறது. அது வேலை செய்ய ஒரு வாரம் எடுக்கும். அது உயிருள்ள பாக்டீரியா என்பதால் கொடுக்கும் நாளை ஒட்டி ஆன்டிபயாடிக் கொடுத்தால் காசைத் தண்ணீரில் போட்ட மாதிரி.

கொட்டில் கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். தாயின் எண், எத்தனையாவது ஈற்று, குட்டி ஈன்ற நேரம், தடுப்பூசி போட்ட நாள், முதல் வால் நனைந்த நாள், எத்தனை குட்டி, பி.எச். தாள் என்ன நிறம். மருத்துவர் வந்ததும் அந்த அட்டையை அவர் கையில் கொடுங்கள்.